நாற்காலி எண்ணும் மாப்பிள்ளைக்கு



சென்னையில் ஏதோ ஒரு அரசு முகமையில் பணியாளர் மேலாண்மை ஆய்வாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று உங்கம்மா கணியூர் டீக்கடையிலிருந்து காரத்தொழுவு ஒறம்பறை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "ஆளுகளக் கணக்கெடுக்கிற வேலைங்" என்றாளாம். "சென்சஸுங்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருத்தர். உங்கம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சென்சஸில் இருக்கிற ஆளை எண்ணுவார்கள். அதையே 2021இல் எண்ண வேண்டியதை 2027க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உனக்கு வந்திருப்பது இல்லாத ஆளை எண்ணுகிற வேலை. இதற்கு மட்டும் மாதா மாதம் ஸ்டேட்மென்ட் தவறாமல் கேட்பார்கள்.

நானும் ஆளை எண்ணியே வயிறு வளர்த்தவன்தான். பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசருக்கு வேறென்ன வேலை? ஒரு சாதாரண ரவுண்டு நெக் டீ-ஷர்ட்டைத் தோள் கூட்டுவது, கழுத்துப் பட்டி வைப்பது, கை ஏற்றுவது, சைடு மூட்டுவது, அடி மடிப்பது என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை செகண்டு என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதுவோம். கூட்டினால் ஏழெட்டு நிமிசம் வரும். எஸ்.ஏ.எம். என்று அதற்குப் பேர். அதை வைத்துத்தான் ஓவர்லாக்கில் எத்தனை பேர், பேட்லாக்கில் எத்தனை பேர், சிங்கரில் எத்தனை பேர், கைமடிக்க எத்தனை பேர் என்று லைன் போடுவோம். ஓவர்லாக்கில் ஒரு ஆள் வரவில்லை என்றால் கால் மணி நேரத்தில் அந்த மிசினுக்கு முன்னால் பண்டல் குவிந்துவிடும். அடுத்த மிசினில் இருக்கிற அம்மிணி கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். முதலாளி கண்ணாடி ரூமை விட்டு இறங்கி வருவதற்குள் பக்கத்து லைனில் கெஞ்சியாவது ஒரு ஆளைக் கூட்டிவந்து உட்கார வைத்தாக வேண்டும். காலி மிசினை யாராலும் மறைக்க முடியாது. அது குவியலாகவே பேசும்.

அரசாங்கத்தில் காலி நாற்காலிக்கு முன்னால் எதுவும் குவியாது. மேசை துடைத்த மாதிரி இருக்கும். குவிவதெல்லாம் வெளியே, வேப்பமரத்தடியில், கையில் ஜெராக்ஸ் கட்டோடு. அந்தக் குவியலுக்கு உன் எக்செல் ஷீட்டில் காலம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி என்று மூன்று காலம். நாலாவதாகக் குறிப்பு. அந்தக் குறிப்பில் 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதிவிட்டால் போதும், காலி என்பது காலியில்லாமல் போய்விடும். இந்த ஊர்க்காரர் அந்த ஊரையும் சேர்த்துப் பார்ப்பார். ரெண்டு ஊரிலும் இருக்க மாட்டார், மீட்டிங்கில் இருப்பார். கம்பெனியில் ஒரே டெய்லரை ரெண்டு மிசினில் ஒரே நேரத்தில் உட்கார வைத்திருப்பதாக நான் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தால் கன்னத்தில் அறைந்து அனுப்பியிருப்பார்கள். உன் ஆபீசில் அதற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. 2022 ஜூலையில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 நடந்தது. அறிவித்த இடம் 7,301. விண்ணப்பம் போட்டவர்கள் 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர். முடிவு வர எட்டு மாதம் ஆனது. எல்லாம் வட்டமிட்டுக் காட்டிய ஓ.எம்.ஆர். தாள், அதைத் திருத்தியது மிசின்தான், கைவலி வந்த வாத்தியார் இல்லை. 2025இல் அதே குரூப் 4க்கு அறிவித்தது 3,935 இடம். எழுத விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 14 லட்சம். வெளியே இத்தனை பேர் நிற்க, உள்ளே நாற்காலி காலி. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, அதை எப்போது திறக்கிறார்கள் என்பதுதான் நீ முதலில் படிக்க வேண்டிய பாடம்.

உன் படிப்பில் டிமாண்ட் ஃபோர்காஸ்டிங் என்று ஏதோ சொல்வார்களாமே, தேவையை முன்கூட்டியே கணிப்பது. தமிழ்நாட்டில் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், தேர்தல் தேதி தெரிந்தால் போதும். 2001 நவம்பர் 29ஆம் தேதி 212ஆம் எண் அரசாணை போட்டார்கள்: இனிமேல் ஆள் எடுக்கத் தடை. நாலு வருசத்துக்கு மேல் கதவு பூட்டியே கிடந்தது. 2006 பிப்ரவரியில் தடையை நீக்கினார்கள். அந்த மே மாதம் தேர்தல். அதற்குள் எத்தனை பையன்களுக்கு வயசு வரம்பு தாண்டியது என்பதை எந்த அரசாணையும் எழுதவில்லை. 2020இல் கொரோனா வந்தது. புதுப் பணியிடம் கூடாது, செலவைக் குறை என்றார்கள். கூடவே ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆக்கினார்கள். ரிட்டயர் ஆகிறவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் கையில் இல்லை, ஒரு வருசம் உட்காருங்கள் என்பதுதான் அதன் தமிழ். 2021 பிப்ரவரி 25 அன்று 60 ஆக்கினார்கள். மறுநாள் தேர்தல் தேதி அறிவித்தார்கள். கிழவர் எழுந்திருக்கவில்லை, பேரன் உட்காரவில்லை, கருவூலம் மூச்சு விட்டது. நீ இதைத் 'திறன்மிகு மனிதவளப் பயன்பாடு' என்று பவர்பாயிண்ட்டில் போட்டுக்கொள்ளலாம்.

மக்கள் நலப் பணியாளர் கதையை நீ ஸ்கூல் படிக்கும்போது கேட்டிருக்க மாட்டாய். உன் ஆபீசில் பயிற்சி என்று ஒன்று கொடுத்தால் முதல் நாளே இதைத்தான் சொல்ல வேண்டும். 1989இல் தி.மு.க. ஆட்சி கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு 25,234 பேரை எடுத்தது. 1991இல் அ.தி.மு.க. வந்தது, ஜூலையில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. 1996இல் தி.மு.க. வந்தது; 1997இல் கூப்பிட்டார்கள். 2001 மே மாதம் அ.தி.மு.க. வந்தது, ஜூன் முதல் தேதியே அனுப்பினார்கள். 2006இல் தி.மு.க.; கூப்பிட்டார்கள். 2011இல் அ.தி.மு.க.; நவம்பர் 8, அனுப்பினார்கள். வேலை தேவையா இல்லையா என்று இதில் எந்த இடத்திலாவது யாராவது கணக்குப் போட்டதாகத் தெரிகிறதா? கிராமத்துக்கு ஆள் தேவைப்படுவதும் தேவைப்படாமல் போவதும் கோட்டையில் கட்சிக்கொடி மாறுவதைப் பொறுத்தது. 1989இல் இருபத்தைந்து வயசில் சேர்ந்தவருக்கு 2011இல் நாற்பத்தேழு. பனியன் கம்பெனி செக்கிங்கில்கூடக் கண் பார்வை கேட்பார்கள், அந்த வயசில் எங்கே போவார்? கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருசம் போனார்கள். 2022இல் அரசாங்கம் இறங்கிவந்து, நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராக வாருங்கள், மாதம் 7,500 ரூபாய் என்றது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாடு சரிதான் என்றது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற டெய்லருக்கு அந்த 7,500 ரெண்டு வாரத்துச் சம்பளம்கூட ஆகாது.

சாலைப் பணியாளரைப் பற்றியும் ஒரு வரி கேட்டுக்கொள். 1997இல் எடுத்த சுமார் பத்தாயிரம் பேர். 2002இல் நீக்கம். 2006இல் மறுபடி வேலை. நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. ரோட்டில் குழி விழுந்தால் மூடுகிற ஆள். அவர் சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த குழியை மூட ஆளில்லை.

இந்த அரசாங்கத்துக்கு ஆள் எடுக்கத் தெரியாது, சோம்பேறி, மந்தம் என்று நினைக்கிறாயா? 2003ஆம் வருசத்தைப் பார். ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். எஸ்மாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கையெழுத்துப் போடவே எத்தனை பேனா தீர்ந்திருக்கும்! ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஸ்டிரைக் செய்ய அரசு ஊழியருக்குச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டு, பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுக்க வழி செய்தது. அதே வருசம் நவம்பர் 29. டாஸ்மாக் நேரடியாகச் சாராயக் கடை திறந்தது. மாநிலம் பூராவும் ஒரே சமயத்தில் கடை, கடைக்குக் கல்லா, கல்லாவுக்குச் சூப்பர்வைசர், எடுத்துக் கொடுக்க விற்பனையாளர். பட்டம் படித்தவனை எடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள், நிமிசத்தில் எடுத்தார்கள். அங்கே ஓ.எம்.ஆர். தாள் எட்டு மாதம் படுத்துத் தூங்கவில்லை. நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை. ஆக, ஒரே வருசத்தில் லட்சம் பேரை நீக்கவும் தெரிந்தது, ஆயிரக்கணக்கான பேரைச் சேர்க்கவும் தெரிந்தது. தெரியாதது எதுவுமில்லை.

அன்றைக்குத் தொகுப்பூதியத்தில் உள்ளே போனவர்களில் பலர் இருபது வருசம் தாண்டியும் காலமுறை ஊதியம் பார்க்கவில்லை. 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசாங்கத்துக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதே வருசம் திருப்பூர் மொத்தமும் ராப்பகலாகத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய பனியனின் மதிப்பு ஏறக்குறைய 45,000 கோடி. நூல் மில், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து. நம்ம ஊரிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிற பொண்ணுகள் அத்தனை பேர் உழைப்பையும் கூட்டினாலும் குவார்ட்டர் பாட்டிலை எட்ட முடியவில்லை. அப்பேர்ப்பட்ட லாபம் தருகிற கவுண்டரில் நிற்கிறவனே இன்னும் தற்காலிகம். அரசாங்கத்தில் லாபம் கொண்டுவந்தால் நிரந்தரம் ஆகலாம் என்று யாராவது உனக்கு ஆசை காட்டினால், போய் உன் தெருமுனைக் கடையில் விசாரி.

பனியன் முதலாளிகளை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதே. 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்தத் திருப்பூரில் 127 நாள் ஸ்டிரைக் நடந்தது, சும்மா நடக்கவில்லை. அதற்கப்புறம் முதலாளிகள் என்ன பாடம் படித்தார்கள்? நிரந்தரத் தொழிலாளி என்று ஒருத்தன் இருந்தால்தானே சங்கம், சங்கம் இருந்தால்தானே ஸ்டிரைக். உடைத்தார்கள். ஜாப் வொர்க், காண்ட்ராக்ட், பீஸ் ரேட். மில்லுகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பேர் வைத்து, வயசுப் பொண்ணுகளை மூணு வருசம் கேம்ப்பில் அடைத்து, கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். ஊர் உலகம் காறித் துப்பியது, வெளிநாட்டு பையர் வரைக்கும் கேள்வி கேட்டான். சரி. அரசாங்கம் என்ன செய்தது? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முறையாகப் பரீட்சை வைத்து நர்சுகளை எடுத்தது. ரெண்டு வருசம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், பிறகு நிரந்தரம் என்றது. ரெண்டு வருசம் முடிந்தது, நிரந்தரம் வரவில்லை, 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்பதைத் திருப்பூர் மில்காரனிடமிருந்து யார் படித்தது? அவனைப் பிடிக்க லேபர் ஆபீசர் இருக்கிறார். கோட்டையைப் பிடிக்க எந்த ஆபீசர்?

கொரோனாவில் எடுத்த நர்சுகள் 2,472 பேரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போதும் என்றார்கள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் பிணமாகும்போது பிபிஇ கிட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றவர்கள். மாடியில் நின்று நாமெல்லாம் தட்டின தட்டுச் சத்தம் காதில் நிற்கும்போதே அவர்கள் கைக்குக் காகிதம் போய்விட்டது. பகுதி நேர ஆசிரியர்கள் 16,549 பேர், 2012இல் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. ஓவியம், தையல், உடற்கல்வி, கம்ப்யூட்டர். வாரத்துக்கு மூணு அரை நாள் வேலை என்பதால் மூணு அரை நாள்தான் பசிக்கும் என்று கணக்கு. பணி நிரந்தரம் என்று தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆம் எண்ணில் வாக்குறுதி வந்தது. 2024இல் 12,500 ரூபாய் வந்தது. வாக்குறுதிக்கு நம்பர் போட்டது ஒரு வசதி. போராட்ட பேனரில் எழுதச் சுலபம்.

ரெண்டு கட்சிக்கும் இதில் சண்டையே இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு 56ஆம் எண் அரசாணை போட்டு, தேவையில்லாத பணியிடம் எது, வெளிமுகமைக்கு எதை விடலாம் என்று பார்க்க ஆதிசேஷையா தலைமையில் குழு வைத்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய ஸ்டிரைக்கில் அதை ரத்து செய் என்பதும் ஒரு கோரிக்கை. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. ஊழியர் பக்கம் நின்றது. 2022 அக்டோபரில் ஆளுங்கட்சியாக அதே தி.மு.க. 115ஆம் எண் அரசாணை போட்டது. குழுத் தலைவர் பேர் மட்டும் வேறே. சங்கங்கள் கொதித்த பிறகு அந்தக் குழுவின் ஆய்வு வரம்பை ரத்து செய்தார்கள். ஆனால் அதே அக்டோபரில் 152ஆம் எண்ணில் இன்னொன்று வந்ததே, அது போகவில்லை. சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளுக்கு இத்தனை பணியிடம்தான் என்று கோடு போட்டு, கீழ்மட்ட வேலைகளை வெளிமுகமைக்குத் தள்ளிய ஆணை. நம்ம திருப்பூரும் அந்த இருபதில் ஒன்று. அரசாங்கத்தின் பணியாளர் துறையின் பேரைக்கூட 2021இல் மனிதவள மேலாண்மைத் துறை என்று மாற்றிவிட்டார்கள். கம்பெனிகளில் ஆளை வெளியே அனுப்புகிற ரூமுக்கும் அதே பேர்தான்.

கூட்டுகிறவர்கள் விசயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு. பதிமூணாவது நாள் ராத்திரி, நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு நலத்திட்டம் அறிவித்தது. அதில் இலவசக் காலை உணவும் உண்டு. வேலை கேட்டவளுக்கு இட்லி. உன் மாமன் தெரியாமல்தான் கேட்கிறேன்: ஊர்க் குப்பை நிரந்தரமா, தற்காலிகமா? தினமும் விழுகிறதா, பதினொரு மாதத்துக்கு மட்டும் விழுகிறதா? தினமும் இருக்கிற வேலைக்கு வருசக்கணக்கில் தற்காலிக ஆளை வைத்துக்கொள்வது சுரண்டல் என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணைய ஆபீசைக் கூட்டிப் பெருக்கின பெண்கள் வழக்கில் சொன்னது. 2025 ஆகஸ்டில் இன்னொரு வழக்கில், பணமில்லை என்ற சாக்கு எல்லாவற்றுக்கும் செல்லாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தபோது ரிப்பன் மாளிகை வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இப்போது உன் ஆர்டரைப் பற்றி. உங்கம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள், பூஜை ரூமில் வைத்து எடுத்தது, ஓரத்தில் குங்குமம். கண்ணாடி போட்டுப் படித்தேன். பதினொரு மாத ஒப்பந்தம். ஒரு மேன்பவர் ஏஜென்சி மூலமாக. அரசு வேலைக்கு எந்த விதத்திலும் உரிமை கோர முடியாது என்று ரெண்டு இடத்தில் தடித்த எழுத்து. அதை உங்கம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஆனால் ஒரு சந்தேகம். நீ மாதா மாதம் போடுகிற ஸ்டேட்மென்ட்டில் நீ எந்தக் காலத்தில் வருவாய்? அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீ இல்லை. நிரப்பப்பட்டதில் இல்லை. காலியாகவும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு பணியிடமே இல்லை. அனேகமாக உன் சம்பளம் பிரிண்டர் மையோடும் ஜெனரேட்டர் டீசலோடும் ஏதாவது ஒரு செலவுத் தலைப்பில் படுத்திருக்கும். உன் தலைக்கு ஏஜென்சிக்குக் கமிஷன், அதற்கு மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆரம்பித்த கூத்தில், நடுவில் நிற்கிறவன் வயிறுதான் உப்புகிறது. இல்லாத ஆளை எண்ண இல்லாத ஆளையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை. இந்த மூளை நம்ம முதலாளிகளுக்குக்கூட வரவில்லை.

சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் கருவூலத்தைத் தின்கிறது என்று உன் மேலதிகாரி சொல்வார். தின்பது உண்மைதான். அரசு ஊழியன் என்றாலே டீக்கடையில் நமக்கும் வாய் கசக்கும், அதுவும் உண்மை. பட்டாவுக்கு எவ்வளவு, வாரிசுச் சான்றுக்கு எவ்வளவு என்று சின்னப் பையன்கூட ரேட் சொல்வான். லஞ்சம் வாங்குகிறவன் கையைப் பிடி, விலங்கு மாட்டு. நாற்காலியை ஏன் ஒடிக்கிறாய்? அஞ்சு பேர் பார்க்க வேண்டிய வேலையை ரெண்டு பேர் பார்த்தால் வரிசை நீளும். வரிசை நீளமானால்தான் வரிசையைத் தாண்டிக் குதிக்க விலை வரும். ஆபீஸ் வாசலில் புரோக்கர் மேசை போடுவது உள்ளே மேசை காலியாகக் கிடப்பதால்தான். காலிப் பணியிடத்தில் மிச்சமாகிற சம்பளம் ஜனங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. அது பட்ஜெட்டில் ஏறுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கிடையில் அரசாங்கம் வீட்டுக்கே வந்ததாம். 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் ஆரம்பித்தார்கள், மொத்தம் பத்தாயிரம். கணியூர் மாதிரிப் பேரூராட்சி என்றால் நகர்ப்புறக் கணக்கு: 13 துறை, 43 சேவை. கிராமம் என்றால் 15 துறை, 46 சேவை. மனுவுக்கு 45 நாளில் முடிவு. நல்ல திட்டம், யார் வேண்டாம் என்றது? முகாமில் மேசை போட்டு மனு வாங்கினவர் யார்? ஆபீசில் மனு வாங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்ல நேரமில்லாமல் இருந்த அதே ஆள். இங்கே நாற்காலியை எடுத்து அங்கே போட்டதில் இங்கே ஒரு நாற்காலி குறைந்தது. வருவாய்த் துறைக்காரர்களே முடியவில்லை சாமி என்று முகாமைப் புறக்கணித்தார்கள். அடுத்தது நவம்பர் 4ஆம் தேதி வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. வீடு வீடாகப் படிவம் கொடுக்க அங்கன்வாடி டீச்சர்களையும் அனுப்பினார்கள். மாதச் சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறது மத்திய அரசு அவர்களுக்கு.  குழந்தையை எடை பார், முட்டை அவி, கர்ப்பிணிக்கு மாவு கொடு, ஆப்பில் போட்டோ ஏற்று, முடித்துவிட்டுத் தெருத்தெருவாகப் போய் செத்தவர் யார், இருக்கிறவர் யார் என்று எழுது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிசம் இருக்கிறது என்று திருப்பூரில் எட்டாவது பெயிலான சூப்பர்வைசர் சொல்லிவிடுவான். முதுகலை படித்த நீ சொல்வாயா?

நீ படித்ததில் எர்லாங் என்று ஒருத்தர் வருவாராமே. டென்மார்க்காரர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். 1909இல் ஆரம்பித்து எழுதியிருக்கிறார்: எத்தனை அழைப்பு வருகிறது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை ஆள் இருந்தால் கூப்பிட்டவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று. உங்கள் தொழிலுக்கே அவர்தான் முப்பாட்டன் என்று உன் சித்தப்பன் மகன் கூகுளில் பார்த்துச் சொன்னான். அந்த மனுசன் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது பார். நாற்காலியில் ஆரம்பிக்கவில்லை. காத்திருக்கிறவனில் ஆரம்பிக்கிறது. நம்ம ஊரில் நூறு வருசத்துக்கு மேலாகியும் காத்திருக்கிறவனைப் பற்றி ஒரு ஸ்டேட்மென்ட்டும் மேலே போனதில்லை. போனால், வாசலில் உட்கார்ந்திருக்கிற கிழவி நேரத்துக்கும் ரூபாய் போட வேண்டி வரும். அவள் கூலி விட்டுவிட்டு வந்த நாள், பஸ் காசு, மறுபடி வந்த நாள், மறுபடி பஸ் காசு. அதைக் கூட்டினால் எந்த நிதிச் செயலாளரும் காலிப் பணியிடத்தில் மிச்சம் பிடித்தேன் என்று வாய் திறக்க முடியாது.

அதனால் மாமன் ஒரு காரியம் சொல்கிறேன், செய். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் நீயாகவே ஒரு காலம் சேர். ஒவ்வொரு காலிப் பணியிடத்துக்கு நேராகவும், அந்த நாற்காலி காலியானதால் எத்தனை மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று போடு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு காலம்: ஒப்பந்தம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று எத்தனை பேர் அந்த நாற்காலியின் வேலையை நாற்காலி இல்லாமல் செய்கிறார்கள், எத்தனை வருசமாக. உன் பேரையும் அதில் எழுது, கூச்சப்படாதே. தலைப்புக்கு அழகான ஆங்கிலம் போட்டு, கலர் கலராக கிராஃப் வைத்து, மேலே அனுப்பு.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், யார் இதைக் கேட்டது என்று. பார்மட்டை மாற்ற உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று. ஒரு வாரத்தில் ஏஜென்சியிலிருந்து போன் வரும், ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று. அதைக்கூட எழுத்தில் தரமாட்டார்கள். உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உடுமலை பஸ்ஸைப் பிடித்து வந்து சேர். அவிநாசி ரோட்டில் கம்பெனிக்குக் கம்பெனி 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. 2025இல் அமெரிக்கக்காரன் வரி போட்டு ஆர்டர் குறைந்தபோதும் தொங்கியது. லைனில் ஆள் எண்ண ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார். கெட்ட வாய், கஞ்சன், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு
உன் மாமன்
கணியூர், மடத்துக்குளம் வட்டம்